முனிக்கு நேர்ந்த துவக்கு

காட்டுப்பன்றி முதலில் கிழித்தது என் கொழுந்தனை. தெல்தோட்டைக்கு மேலே கோப்பித் தோட்டத்து மலையில் பழம் பறித்துக்கொண்டிருந்தான். செடிக்கு அடியிலிருந்து வந்து தொடையில் குத்தி, வயிறுவரை கிழித்துவிட்டது. சரிந்த குடலை அவனே இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் லயத்து வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

தம்பியைப் புதைத்த மண் காய்வதற்குள் என் புருஷன் பங்களாவுக்குப் போய், தோட்டத் துரை ஒதுக்கிப் போட்டிருந்த பழைய துவக்கைக் கேட்டு வாங்கி வந்தார். ஒற்றைக் குழல். வாய்வழியாக வெடிமருந்தும் ரவையும் போட்டு இடிக்க வேண்டும். நீளமோ நீளம், நிறுத்தினால் அவர் காதுவரை வந்தது. வந்த வேகத்தில் அதை எங்கள் காவல் சாமி முனியின் கல்லுக்கு முன்னால் சாத்தி, எலுமிச்சம்பழம் அறுத்து, அந்தத் துவக்கால் ஓர் உயிரைக் காவு தருவதாக நேர்ந்துவிட்டார். அப்படி நேர்ந்த ஆயுதத்தில் காவு விழும்வரை அரமோ இரும்பு அறுக்கிற வாளோ படக் கூடாது. எங்கள் லயத்து வழக்கம் அது. அவசரக் குடுக்கை. மலையில் ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு நேர்ந்திருக்கக் கூடாதா?

பிடித்துப் பார்த்தபோதுதான் விவகாரம் தெரிந்தது. கோப்பிச் செடியை நெஞ்சுயரத்தில் வெட்டி விட்டிருப்பார்கள். கிளைகள் பக்கவாட்டில் பரந்து பின்னிக் கிடக்கும். பன்றி அதற்கடியில் ஓடும். மேலே நிற்பவருக்குத் தெரியாது. சுடுகிறவரும் குனிந்து உள்ளே போக வேண்டும். உள்ளே அந்த நீளக் குழல் திரும்பாது.

"கண்டிக்குக் கொண்டுபோய் ஒரு முழம் அறுத்துட்டு வாங்க," என்றேன்.

"கொல்லர்கிட்ட கேட்டுட்டேன். அறுத்தா ரவை செதறுமாம். கிட்ட வந்தாத்தான் பன்னி விழுமாம்."

"கிட்டதானே வருது? ஒங்க தம்பிய எட்டி நின்னா குத்துச்சு?"

"நேந்தாச்சு புள்ள. இப்ப வாள வச்சா முனி சும்மா விடாது."

"முனியவா பன்னி குத்தப் போகுது? ஒங்களத்தான்."

நானே கண்டிக்குக் கொண்டுபோகிறேன் என்று துவக்கைத் தூக்கினேன். கன்னத்தில் ஓங்கி அறைந்தார். நான் அகப்பையால் திருப்பிக் கொடுத்தேன், அவர் நெற்றி புடைத்துவிட்டது. அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

விடிந்ததும் அவர் கிளம்பினார். நான் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பின்னால் போனேன். விட்டுவிட்டு இருக்க முடியுமா? உறுமல் கேட்ட செடி நிரைக்குள் அவர் குனிந்து நுழைந்தார். பன்றி நேராக வராமல் பக்கத்திலிருந்து வந்தது. குழலைத் திருப்பினார், கிளைக் கவட்டில் சிக்கிக்கொண்டது. வெடி மண்ணில் போயிற்று. குனிந்திருந்தவரின் தொண்டையில் கோரைப்பல் ஏறியது. நான் பன்றியின் முதுகில் வெட்டினேன். சேறு அப்பிய தோலில் கத்தி வழுக்கியது. மறுபடி வெட்டினேன், ஒரு காது அறுந்து விழுந்தது. அலறிக்கொண்டு ஓடிவிட்டது.

என் மடியில்தான் போனார். ஏதோ சொல்லப் பார்த்தார். ரத்தம் விடவில்லை.

"சாமி பொருள் தாயி, தொரைகிட்டயே குடுத்துருவோம்," என்றார் துக்கத்துக்கு வந்த தோட்டத்துக் கங்காணி.

"காவு விழுறவரைக்கும்தானே இரும்பு படக் கூடாது? விழுந்துருச்சு," என்றேன்.

துவக்கைச் சேலையில் சுற்றிக் கண்டிக் கடைவீதிவரை நடந்தேன். "யாரும்மா சுடப் போறது?" என்று கொல்லர் கேட்டார். நான்தான் என்றேன். என் கையை நீட்டச் சொல்லி அளவு எடுத்துக்கொண்டு, வாளைக் குழலில் வைத்தார்.

காதறுந்த பன்றி அதே மலைக்குத்தான் திரும்பி வந்தது. செடிக்கடியில் மண்டியிட்டுக் காத்திருந்தேன். என்னைப் பார்த்துப் பாய்ந்தபோது குழல் சுலபமாகத் திரும்பியது. சுட்டேன். அதன் மூஞ்சி இருந்த இடத்தில் மூஞ்சி இல்லை. துவக்கு உதைத்ததில் என் தோளெலும்பு விட்டுப்போயிற்று. அது எனக்கு அப்புறம்தான் வலித்தது.

சுட்டவருக்குப் பின்னந்தொடை என்பது வழக்கம். துக்க வீட்டுக்குக் கறி கொடுக்கலாமா என்று லயத்து ஆட்கள் வாசலில் நின்று தயங்கினார்கள். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். மிளகு அரைத்துப் போட்டு வதக்கி, ஒருத்தியாக உட்கார்ந்து தின்றேன். பன்றி மேலிருந்த ஆத்திரம் அதோடு தீர்ந்தது. அவர் மேல் இருப்பது இன்னும் தீரவில்லை.