அஞ்சலையின் திட்டுகள்

கரும்பு வெட்டு தொடங்கும் மாதங்களில் கச்சிராயபாளையத்துக் காலைக் காற்றில் சோகை எனும் காய்ந்த கரும்பிலை எரிந்த வாடையும் வெட்டிய கரும்பின் இனிப்பும் கலந்து வரும். அந்த வாடையோடு எதிர்வீட்டு அஞ்சலையின் குரலும் ஜன்னல் வழியாக வந்து என்னை எழுப்பிவிடும். "ஏ பன்னாட, எருமைக்குத் தண்ணி காட்டுனியா, இல்ல அது வந்து ஒனக்குக் காட்டணுமா?" என்று அவள் தன் அண்ணனைத் திட்டிக்கொண்டிருப்பாள். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் தென்னம்பன்னாடையைப் போல, நல்லதை விட்டுக் கெட்டதைப் பிடித்துக்கொள்பவனுக்குத்தான் அந்தப் பெயர் என்பதை நான் பிற்பாடு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்பில் என்னோடு படித்த அஞ்சலைக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் அவள் அந்தச் சொல்லை ஒருநாளும் ஆள் மாற்றிப் போட்டதில்லை.

அவளுடைய அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்தார். என் அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டில் "சனியன்" என்ற சொல்லுக்குக்கூட இடம் கிடையாது. ஒருமுறை வாய்தவறி நான் அதைச் சொன்னபோது அம்மா, "திட்டுன நாக்குலதான் ஞாயித்துக்கெழம நற்கருண வாங்குவியா?" என்று கேட்டார். அதற்குமேல் அவர் அடிக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

அப்படிப்பட்ட அம்மாவே, எதிர்வீட்டில் அஞ்சலை வாயைத் திறந்தால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கதவோரம் வந்து நிற்பார். "மண்ணாந்த", "அமுக்குணி", "ஊமக்கோட்டான்" என்று ஊரில் எல்லாரும் சொல்லும் சொற்கள் அவளிடம் இருந்தன. அவற்றோடு அவளே செய்துகொண்டவையும் இருந்தன. சண்டையை மூட்டிவிட்டு ஓடிவிடும் ஒருவனுக்கு "ஈரவெறகு" என்று பேர் வைத்தாள், எரியாமல் புகை மட்டும் விடுவதால். பார்க்கப் பெரிதாகவும் தொட்டால் அரிப்பாகவும் இருந்த ஒருத்தி "கரும்புச்சோவ" ஆனாள். எந்தச் சொல்லையும் அவள் உடனே வீசிவிட மாட்டாள். எதிராளியை மேலும் கீழும் பார்த்து, மூச்சை இழுத்து, கேட்பவர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே வாயைத் திறப்பாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். வகுப்பில் முதல் மார்க் வாங்கி வந்த நான் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பேன். என் எந்தச் சொல்லுக்கும் அம்மா அப்படிச் சிரித்ததில்லை.

பொறாமை தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதையும் சர்க்கரை திருடியதையும் ஒப்புக்கொள்வேனே தவிர, இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் விட்டுவிட வேண்டியிருக்கும் என்று பயம். அவளைப் போலவே நானும் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் ஒருவனை மேலும் கீழும் பார்த்து மூச்சை இழுத்து "பன்னாட" என்றேன். அவன் நின்று, "இன்னா ஸ்டெல்லா, செபம் சொல்றியா?" என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டான்.

அந்த வருடம் நல்ல மழை. கோமுகி அணையின் மதகு ஒன்று சரியாக மூடாமல் நீரை நாலாபக்கமும் பீய்ச்சிக்கொண்டிருந்ததை ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மறுநாள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வரலாற்று சார் நல்லவர், யாரையும் அடிக்காதவர். ஆனால் முன்பல் இரண்டு இல்லாததால் பேசும்போது எச்சில் தெறிக்கும். ஒரு துளி என் நோட்டில் விழுந்து மை கலைந்தபோது, எங்கிருந்தோ எனக்கு அது வந்தது. மத்தியானச் சோற்று வேளையில் அஞ்சலையின் காதருகே போய்ச் சொன்னேன்: "சார் ஒரு ஓட்ட மதகுடி. மொத பெஞ்சுக்கு ரெண்டு போகம் வெளையும்."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள். சாயங்காலம் புளியமரத்தடியில் பத்துப் பேர் நடுவில் நின்று, மூச்சை இழுத்து, அதே சொற்களை அதே வரிசையில் அவள் சொன்னபோது பிள்ளைகள் மண்ணில் விழுந்து சிரித்தார்கள். என் சொல் பிழைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. "அஞ்சல சொன்னா கேட்டியா" என்று அது வகுப்பு வகுப்பாகப் போயிற்று. எனக்கு வாய்த்தது ஒரே ஒரு திட்டு, அதுவும் அவள் பேரில் போய்க்கொண்டிருந்தது.

அதே சமயத்தில் ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் தெருவையே கூட்டிச் சண்டை போடும் பெண் வேடத்துக்குத் தமிழ் டீச்சர் அஞ்சலையைத் தவிர வேறு யாரையும் பார்க்கவே இல்லை. எனக்குக் கிடைத்தது குடத்தோடு வரிசையில் நிற்கும் ஐந்தாவது பெண், பேச்சு கிடையாது. ஒத்திகையில் அவள் கையை நீட்டி முழங்கும்போதெல்லாம் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தொண்டை கட்டவில்லை. அந்தச் சொல்தான் சுற்றிச் சுற்றி சாரின் காதுக்கே போய்ச் சேர்ந்தது. அன்று அவர் வகுப்புக்கு வந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடியே பாடம் நடத்தினார். மணி அடிக்கச் சற்று முன்பு கைக்குட்டையை எடுக்காமலே, "யாரும்மா எனக்கு அந்தப் பேர வெச்சது?" என்று கேட்டார். கோபமே இல்லை. வகுப்பு முழுவதும் அஞ்சலையின் பக்கம் திரும்பியது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் நோட்டைத் திறந்து, எழுதி முடித்திருந்த வரியின்மேலேயே மறுபடி எழுதினேன்.

"நான்தாங்க சார்," என்றாள் அவள்.

மறுநாள் அவளுடைய அப்பா வெட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்தார். கையெல்லாம் கரும்புச் சுணை கிழித்த கோடுகள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "புள்ள தெரியாம பேசிடுச்சிங்க. அறிவு கம்மிங்க அதுக்கு," என்று சாரிடம் சொன்னார். அஞ்சலை தலை குனிந்து நின்றாள். அறிவு கம்மி என்று தன் அப்பா சொன்னதுதான் அவளுக்குப் பட்ட அடி என்பது அவள் காதைப் பார்த்தாலே தெரிந்தது, இரண்டும் சிவந்திருந்தன. தமிழ் டீச்சர், "இந்த வாய மேடையேத்துனா ஊர் என்னைத்தான் கேக்கும்," என்று சொல்லி வேடத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டார். சீக்கிரம் மனப்பாடம் செய்பவள் நான் என்பதால் அது எனக்கு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவளை எட்டிப் பிடித்து, "ஏன்டி என்னைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா எவ நம்புவா?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலே, "நல்ல வார்த்தடி அது. கேட்டப்புறம் ரெண்டு நாளு எனக்கு சோறே எறங்கல, ஏன் எனக்கு வரலன்னு," என்றாள்.

அப்போது எனக்குக் குற்றவுணர்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது மகிழ்ச்சி. அஞ்சலைக்கு என்மேல் பொறாமை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லப் போகாமலே நான் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆண்டுவிழா அன்று ஒரு சொல் விடாமல் பேசினேன். கையை நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினேன். மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஊர், பிரசங்கம் கேட்பதுபோல அமைதியாகக் கேட்டது. முன்வரிசையில் அம்மா கையைக் கோத்துக்கொண்டு எனக்காகப் பயந்துகொண்டிருந்தார். பாதி நாடகத்தில் தரையிலிருந்து ஒற்றைச் சிரிப்பு எழுந்தது. பெரிதாக, கூச்சமே இல்லாமல். அது அஞ்சலை. அவள் சிரித்தால் அங்கே ஏதோ இருக்கும் என்ற நம்பிக்கையில் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு அம்மாவும். அன்று எனக்குக் கிடைத்த கைதட்டல் அவள் வாங்கிக் கொடுத்தது. அதற்கும் எனக்கு அவள்மேல் பொறாமையாகவே இருந்தது.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். என் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்டால் "லூசு", "வேஸ்ட்", "மொக்க" என்ற மூன்றுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மழையும் விறகும் கரும்பும் வாய்க்காலும் அவர்களுடைய திட்டில் எட்டிப் பார்ப்பதில்லை. திட்டாதே என்று நான் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

சென்ற மாதம் ஒரு திருமணத்துக்கு வடக்கனந்தல் போனபோது, பேருந்து நிற்கும் இடத்தருகே தையல் கடை வைத்திருக்கும் அஞ்சலையைப் பார்த்தேன். நரைத்துவிட்டாள்; பேச்சு தணிந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய மகள் போனைப் பார்த்தபடி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தேநீர் குடித்து முடித்ததும் எப்படியோ ஆரம்பித்து அந்த ஓட்ட மதகுக் கதையைச் சொன்னேன்.

"எந்த சாரு?" என்றாள். பிறகு, "அப்பிடியா சொன்னேன் நானு? நல்லாத்தான் சொல்லிக்கினு இருந்திருக்கேன்," என்று சிரித்தாள்.

"நீ இல்ல அஞ்சல, சொன்னது நானு. மாட்டிக்கினது நீ. நான்தான் வாயத் தொறக்கல."

அவள் யோசித்துப் பார்த்தாள். நடிக்கவில்லை; அந்த நினைவே அவளிடம் இல்லை. "அத போயி இன்னும் வெச்சிக்கினு இருக்கியா நீ," என்று என் கையைத் தட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். இத்தனை வருடம் நான் சுமந்ததை அவள் என்றோ கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"மதகுன்னா இன்னாம்மா?" என்று மகள் கேட்டாள்.

அஞ்சலை ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மகளை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். பிறகு வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் திறந்துவிடுவதுபோல வீசி, அணை எப்படி ஒழுகும் என்று அவள் காட்டியதில் அந்தப் பெண் போனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கள்ளக்குறிச்சி பேருந்து வந்து நின்றது. அதில் ஏறி உட்கார்ந்த பிறகும் சிரிப்பு கேட்டது. அது என்னுடைய சொல் என்று நினைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.