வரக்கூடாத கோடு

அந்தக் குப்பி என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. அடியில் கொஞ்சமாகத் தெளிந்த திரவம். ஐஸ் பெட்டியில் வந்திறங்கிய அன்று அக்கா அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இவ்ளோண்டுதான், ஆனா நம்ம வேலை முழுக்க இதுக்குள்ளதான்லா இருக்கு" என்று சிரித்தார்.

நான் கோலாலம்பூரில் அந்த ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான் அக்கா என்று கூப்பிட்டவர் அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். வைட்டமின் கே இருந்தால் மட்டுமே வேலை செய்கிற ஒரு நொதி நம் உடம்பில் உண்டு. அது பழுதானால் ரத்தம் உறையாது. அந்த நொதியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்தான் குப்பியில் இருந்தது. செல்களின் புரதத்தைக் கூழ்த் தகட்டில் வரிசை வரிசையாக ஓட்டி, இந்த எதிர்ப்பொருளைச் சேர்த்துப் படம் எடுப்போம்; ஒட்டினால் படத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு இருந்தால் நொதி இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் மேசையைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "என் தம்பி பல்லு பிடுங்கின எடத்துல ரத்தம் நிக்காமதான் செத்தான். பன்னெண்டு வயசு." குரல் மாறவே இல்லை. அதே நோய் இருந்த சில குடும்பங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்திருந்தன. முதலில் கையை நீட்டியவர் அக்காவின் அம்மா.

புதுக் குப்பியைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. அந்த நொதியே இல்லாதபடி மாற்றப்பட்ட செல்களையும் ஒரு வரிசையில் ஓட்ட வேண்டும். அங்கே வெறுமையாக இருக்க வேண்டும். இல்லை. பளிச்சென்று ஒரு கோடு. நான்தான் எதையோ கலந்துவிட்டேன் என்று நினைத்தேன். சேர்ந்த இரண்டாம் நாளே ஒரு கண்ணாடித் தகட்டை உடைத்து எல்லோர் முன்னும் நின்றவள் நான். படத்தை அழித்துவிட்டு, அந்த வரிசையை மட்டும் விட்டு மறுபடி ஓட்டிக் கொடுத்தேன்.

"கோடு எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு!" என்று அக்கா என் தோளைத் தட்டினார்.

இரண்டு வருடங்கள் ஓடின. இடையில் அவர் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அக்கா வேலைக்கு வந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன், எல்லாவற்றையும் தானே ஒருமுறை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், திரையில், அதே கோடு. மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் வந்தது.

"இது வேற எதையோ பிடிச்சிருக்கு. நொதியை இல்ல" என்றார் மெதுவாக.

குடும்பங்கள் கொடுத்த ரத்தம் அதற்குள் கடைசிச் சொட்டுவரை தீர்ந்திருந்தது. அந்த வரிசையைக் காட்டாமலே அவர் பட்டம் வாங்கியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரே பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். இரண்டு வருட முடிவுகளும் செல்லாமல் போயின; உதவித்தொகைக் காலமும் முடிந்திருந்தது. ஒரே மதியத்தில் மேசையைக் காலி செய்தார். அவருடைய பெட்டியை ரயில் நிலையம்வரை தூக்கிக்கொண்டு போன அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். கிள்ளானில் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறாராம். முன்முடி நரைத்திருந்தது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சேர்ந்த மூணாவது வாரத்துலயேவா?"

"ஆமாக்கா. பயந்துட்டேன்."

அவருடைய தே தாரிக்கில், அந்தப் பால் தேநீரில், ஆடை படிந்துவிட்டது.

"சொல்லியிருந்தா உன்ன நம்பியிருப்பேன்லா" என்றார். கோப்பையைத் தள்ளிவைத்து, "அப்ப அம்மா ரத்தம் முழுசா இருந்துச்சு. அதையாவது எடுத்து வெச்சிருப்பேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வேலை செய்த இரண்டு வருடமும் ஒவ்வொரு சாயங்காலமும் என்னிடம் "வரேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அன்று "போறேன்" என்றார்.