தீர்த்தம்மாள் ஒப்புக்கொண்ட கொலை

தர்மபுரி கோர்ட்டில் கோகிலாவுக்கு ஜீவனாம்ச வக்கீல் என்று பெயர். விவாகரத்து, பராமரிப்பு, பாகப்பிரிவினை என்று வந்ததையெல்லாம் நடத்திக்கொண்டிருந்தவள். பாப்பிரெட்டிப்பட்டியில் மாவு மில் வைத்திருந்தவரின் மகள். யார் எதைச் சொன்னாலும், அவர்கள் சொல்லாமல் விட்டது என்ன என்று யோசிக்கிற புத்தி சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்டது. “காபில சக்கரை போட்டிருக்கேன்னு சொன்னாக்கூட டம்ளரைச் சாய்ச்சுப் பாக்கறவ” என்று கணவர் குமார் கேலி செய்வார்.

அவளிடம் முதல் கொலை வழக்கைக் கொண்டுவந்தவள் ஐஸ்வர்யா. தர்மபுரியில் நர்சிங் படிக்கிற பெண். சொந்த ஊர் ஏரியூர் பக்கம். அப்பா அர்ச்சுனன் தக்காளித் தோட்டத்தில் மருந்து குடித்த நிலையில் செத்துக் கிடந்தார். கொன்றது நான்தான் என்று அம்மா தீர்த்தம்மாள் வி.ஏ.ஓ.விடம் போய்ச் சொல்லிவிட்டாள். களியில் பூச்சிமருந்தைக் கலந்து தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாக அவளே கைநாட்டு வைத்த வாக்குமூலம் இருந்தது.

“அம்மாவை வெளிய கொண்டாந்துருங்க மேடம்” என்றாள் ஐஸ்வர்யா.

“சரி, என்ன நடந்துச்சு?”

“அப்பா எனக்கு மாப்பிள்ளை பாத்து நிச்சயம் பண்றதுக்கு நாள் குறிச்சுட்டாருங்க. படிப்பு முடியட்டும்னு அம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்துச்சு. ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை.”

ஒரு பெண் தன் தாயைக் காப்பாற்ற வந்தால், எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்லை என்றுதான் முதலில் சொல்வாள். இந்தப் பெண் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கோகிலா அதை மனசில் வாங்கிக்கொண்டாள்.

சேலம் பெண்கள் சிறையில் தீர்த்தம்மாளைப் பார்த்தபோது சந்தேகம் இன்னும் கூடியது. ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். வக்கீல் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எனக்கு வக்கீலெல்லாம் வேண்டாமுங்க. தண்டனை எவ்வளவோ அதை வாங்கிக் குடுத்துருங்க. அந்தப் புள்ளைய மட்டும் கோர்ட்டுப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லுங்க.”

“மருந்தை எதுல கலந்தீங்க?”

“களியிலதானுங்க.”

“தண்ணி மாதிரி இருக்கிற மருந்தா, பொடியா?”

தீர்த்தம்மாள் சுவரைப் பார்த்தாள். “பொடிதானுங்க.”

தோட்டத்தில் வைத்திருந்தது திரவ மருந்து என்று போலீஸ் ஆவணங்களிலேயே இருந்தது. கலந்தவளுக்குப் பொடியா தண்ணியா என்று தெரியாமல் இருக்குமா?

திரும்பும் பஸ்ஸில் தொப்பூர் கணவாய் தாண்டும்வரை கோகிலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தாள். இவள் செய்யவில்லை. செய்தது யார் என்று இவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறாள். அன்று வீட்டில் இருந்த இன்னொரு ஆள் மகள்தான். லீவுக்கு வந்திருந்தவள். அப்படியானால் என்னிடம் வந்து கெஞ்சிய பெண்ணா? நர்சிங் படிக்கிறவளுக்கு மருந்து, விஷம், அளவு எல்லாம் தெரியுமே.

அந்த எண்ணம் வந்த பிறகு ஐஸ்வர்யா ஆபீஸுக்கு வரும்போதெல்லாம் கோகிலாவுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துகொண்டது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“அன்னிக்குக் காலையில தூக்குச்சட்டியில களியைப் போட்டது யாரு?”

பெண்ணின் முகம் வெளுத்தது. “நான்தாங்க போட்டேன். போட்டு அம்மா கையில குடுத்தேன். அதுக்கப்பறம் வழியில…” நிறுத்திக்கொண்டாள்.

“வழியில?”

“வழியில அம்மா என்ன பண்ணுச்சோ எனக்குத் தெரியாதுங்க மேடம். என்ன பண்ணியிருந்தாலும் எனக்காகத்தான் பண்ணியிருக்கும்.” தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுகை நடிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை நடிப்பில்லை என்று கோகிலாவுக்குப் பட்டது. வழக்குக் கட்டை மறுபடி எடுத்து, பிரேதப் பரிசோதனை அறிக்கையை வரி வரியாகப் படித்தாள். வாக்குமூலம் இருக்கிற தைரியத்தில் யாரும் அதைச் சரியாகப் படித்த மாதிரி தெரியவில்லை. இரைப்பையில் திரவம் மட்டும் இருந்தது. சாராய நெடியும் பூச்சிமருந்து நெடியும் அடித்தது. உணவுத் துணுக்கு எதுவும் இல்லை.

களியே உள்ளே போகவில்லை.

அடுத்த முறை சேலம் போனபோது கோகிலா சுற்றி வளைக்கவில்லை.

“தூக்கைக் கிணத்துல எறிஞ்சது நீங்கதானே? எதுக்கு எறிஞ்சீங்க?”

தீயணைப்பு ஆட்கள் கிணற்றிலிருந்து எடுத்த தூக்கில் மூடி இல்லை, உள்ளே தண்ணீர்தான் இருந்தது. சாட்சியத்தை அழித்தாள் என்று போலீஸ் எழுதியதற்கு அதுதான் ஆதாரம்.

“தூக்கு திட்டு மேல இருந்துச்சுன்னு புகார்லயே இருக்கு. அப்ப, காலையில கொண்டுபோனப்ப அவர் அங்க இல்லை. மோட்டார் ரூம் திட்டுல வெச்சுட்டு வந்துட்டீங்க. மத்தியானம் உங்க மச்சாண்டார் சென்றாயன் போட்ட சத்தத்தைக் கேட்டு ஓடுனீங்க. வூட்டுக்காரர் கெடக்கறாரு. அந்த நேரத்துல தூக்கை எடுத்துக் கிணத்துல போடணும்னு ஏன் தோணுச்சு? உங்க பொண்ணு போட்ட களி அதுல இருந்துச்சு, அதனாலதானே?”

“அம்மா, அவ பேரை எடுக்காதீங்க!”

“எறியறதுக்கு முன்னாடி திறந்து பாத்தீங்களா?”

“பாக்கலீங்க. பயமா இருந்துச்சு.”

“தூக்கு கனமா இருந்துச்சா, லேசா இருந்துச்சா?”

தீர்த்தம்மாளின் வலது கை தானாகவே மடியிலிருந்து எழுந்தது. எதையோ தூக்கிப் பார்ப்பதுபோல் காற்றில் நின்றது. அப்படியே இருந்தது.

“கனமாத்தான் இருந்துச்சுங்க” என்றாள் மெதுவாக. “காலையில எடுத்துட்டுப் போன மாதிரியே இருந்துச்சு.”

“அவர் அதைத் தொடவே இல்லீங்கம்மா. வயித்துல களி இல்லைன்னு டாக்டரே எழுதியிருக்காரு. உங்க பொண்ணு எதையும் கலக்கலை.”

அவள் அழுவாள் என்று கோகிலா எதிர்பார்த்தாள். அழுதாள்தான், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பறம் அந்தப் புள்ள ஏங்க ஒரு தடவைகூட இங்க வந்து, நீ பண்ணியிருக்க மாட்டேன்னு எங்கிட்டச் சொல்லலை?” என்றாள்.

“நீங்க பண்ணீங்கன்னு அவ நெனச்சுட்டிருக்கா.”

“என்னையவா?” தீர்த்தம்மாளின் குரலில் திடீரென்று கோபம் ஏறியது. “பெத்தவளைப் போயி அப்படி நெனச்சாளா?”

கோகிலா கட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்படியானால் சாராயத்தில் மருந்து எப்படி வந்தது? உடலை முதலில் பார்த்தவர் சென்றாயன், அர்ச்சுனனின் அண்ணன். பக்கத்துத் தோட்டக்காரர். தம்பி பெண்டாட்டி மேல் புகார் கொடுத்தவரும் அவர்தான். தோட்டத்தைப் பார்க்கப் போன கோகிலாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, “நல்லா வாதாடுங்கம்மா, பாவம் பொம்பளை” என்றார். புகார் கொடுத்தவருக்கு இவ்வளவு இரக்கம் எதற்கு என்று கோகிலா இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். குடிக்கவில்லை.

விசாரணையில் முதல் சாட்சி அவர்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அரசு வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். கோகிலா எழுந்தாள்.

“தம்பி கெடந்த இடத்துக்கு மொதல்ல போனது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

“பக்கத்துல என்னென்ன இருந்துச்சு?”

“திட்டு மேல தூக்கு இருந்துச்சுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க. பாட்டிலு கீட்டிலு எதுவும் கெடையாதுங்க.”

கோகிலா, நீதிபதி தலை நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

“பாட்டிலைப் பத்தி நான் கேக்கலைங்களே. புகார்லயும் இல்லை, யாரோட வாக்குமூலத்துலயும் இல்லை. பாட்டில் உங்களுக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு?”

சென்றாயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அவன் குடிக்கறவனுங்க… அதனால சொன்னேனுங்க.”

“மோட்டார் ரூம் ரெண்டு பேருக்கும் பொதுதானுங்களே? தக்காளிக்கு அடிச்ச மருந்துல மீதியை நீங்க எதுல ஊத்தி வெப்பீங்க?”

பதில் வரவில்லை. கேள்வியை நீதிபதியே இரண்டாம் முறை கேட்டபோதும் வரவில்லை.

பிறகு டாக்டர் வந்து, சாப்பிட்டிருந்தால் களி இரைப்பையில் நிச்சயம் தெரிந்திருக்கும் என்றார். களியில் விஷம் வைத்தேன் என்ற வாக்குமூலம் அங்கேயே உடைந்துபோனது. தீர்த்தம்மாள் விடுதலையானாள். சென்றாயனை விசாரிக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார்.

சென்றாயன் போலீஸிடம் சொன்ன கதை இது: மீதி மருந்தைக் காலி குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றி வைத்தேன், ஏற்கெனவே போதையில் இருந்த தம்பி சரக்கு என்று நினைத்துக் குடித்துவிட்டான், பழி என் மேல் வரும் என்று பயந்து பாட்டிலைப் புதைத்தேன். சொன்ன இடத்தில் பாட்டிலும் கிடைத்தது. அஜாக்கிரதையால் நேர்ந்த மரணம் என்றும் தடயத்தை மறைத்தது என்றும் வழக்குப் பதிவானது. நிஜமாகவே தவறுதலாகத்தான் நடந்ததா என்று குமார் கேட்டபோது கோகிலா, “பயந்தவரு பாட்டிலை மறைச்சது சரி. தம்பி பொண்டாட்டி ஜெயில்ல கெடந்தப்ப எப்படிங்க நிம்மதியா விவசாயம் பாத்தாரு?” என்றாள். அதற்கு மேல் அவளிடம் ஆதாரம் இல்லை. அதற்குப் பிறகு பலநாள் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

விடுதலையான தீர்த்தம்மாளை ஊருக்கு அனுப்பத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குக் கோகிலாவும் போனாள். தாயும் மகளும் ஒரே பெஞ்சில், நடுவில் பையை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கோகிலா டீ வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் குடித்தார்கள்.

பென்னாகரம் பஸ் வந்து நின்றபோதுதான் தீர்த்தம்மாள் வாயைத் திறந்தாள்.

“நான் உங்கப்பனுக்கு மருந்து வெப்பேன்னு நீ எப்படிடீ நெனச்ச?”

“நீ மட்டும்? நான் வெச்சேன்னு நெனச்சுத்தானே ஜெயிலுக்குப் போன?”

“முந்தின நாளு நீதான செத்துப்போன்னு அவரைப் பாத்துக் கத்துன!”

“நீயுந்தான் அன்னிக்குக் காலையில எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம தூக்கைப் புடுங்கிட்டுப் போன!”

படியில் ஏறியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஏறி, ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, ஜன்னலுக்கு உள்ளே கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அழுகிறார்களா, திட்டுகிறார்களா என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. கோகிலா கையைத் தூக்கி அசைத்தாள். அவர்கள் கவனிக்கவில்லை. பஸ் வளைந்து ரோட்டில் ஏறியது.