பூட்டுக்காரர் சிரித்த போட்டோ

இது நடந்தது. எங்கே அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். வீட்டுக்குத் தாமதமாகப் போனதற்கு என் மனைவியிடம் இதுவரை சொன்ன காரணங்களில் உண்மையானது இது ஒன்றுதான். அவள் நம்பாததும் இது ஒன்றைத்தான்.

முதலில் என் கோளாறைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் எனக்குப் போட்டோ எடுக்கும் வேலை. தொப்பி கிடையாது, தொப்பை மட்டும் உண்டு. ஒரு சனிக்கிழமை, நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் பூட்டு ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் வந்தார். முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, பூட்டு மாதிரி உக்காந்திருக்கீங்களே. கொஞ்சம் திறங்க.”

வாய்விட்டுச் சிரித்தார். கிளிக்.

அடுத்து, ஜாமீன் கையெழுத்துப் போட வந்த ஒரு ரவுடி. பட்டப்பெயர் பிளேடு. அவனையும் எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரண்டு படங்களையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டேன்.

அப்போது தெருக் கும்பல்களை ஒழிக்கத் தனிப்படை போட்டிருந்தார்கள். ஸ்டேஷன் சுவர் முழுக்க அறுபத்திரண்டு ரவுடி முகங்கள். அறுபத்தொன்று முறைத்தன. ஒன்று சிரித்தது.

“போலீஸ் கேமராவையே பாத்துச் சிரிக்கிறான் பாரு,” என்றாராம் இன்ஸ்பெக்டர். “இவன்தான்யா தலை.”

திங்கள் விடியற்காலை, கடை திறக்க வந்த அண்ணனை முகத்தை வைத்தே அடையாளம் கண்டு தூக்கிவிட்டார்கள்.

காலை 9.05-க்கு வேலைக்கு வந்த நான் அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். பிளேடு என்ற பெயருக்கு மேலே அண்ணன் முகம். இன்ஸ்பெக்டர் அறைக்கு ஓடினேன்.

“சார், ஒரு சின்னத் தப்பு...”

“என்ன தப்பு? தலையப் பிடிச்சாச்சுன்னு பேப்பர்காரங்களுக்குச் சொல்லியாச்சு. இப்போ தப்புன்னா யார் தப்பு? உன் தப்பா?”

வேலை போய்விடும்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணன் எங்கே என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில். “விட்டாச்சு.” “கோர்ட்டுக்குப் போயிருக்கான்.” “உனக்கெதுக்குய்யா?”

புதன்கிழமை மாலை 6.42. தனிப்படை தெருத்தெருவாகச் சோதனைக்குப் போயிருந்தது. போட்டோ அறையில் நான் மட்டும்.

கிரீச்...

முக்காலியின் சத்தம். யாராவது உட்கார்ந்தால் மட்டும் வருகிற சத்தம்.

திரும்பினேன். பூட்டுக்கார அண்ணன்!

“விட்டுட்டாங்களா அண்ணே!” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சொட்... சொட்... என்று கேட்டது. ஆனால் முக்காலிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

“போட்டோவ மாத்தணும், தம்பி.”

“இப்பவே மாத்திடுறேன்ணே.”

கிளிக்.

கேமராத் திரையைப் பார்த்தேன். முக்காலியில் இன்ஸ்பெக்டர். கண்கள் மூடியிருந்தன.

நிமிர்ந்தேன். எதிரே அண்ணன்தான்.

“இன்னொண்ணு.”

கிளிக்.

இப்போது சப்-இன்ஸ்பெக்டர். அவருக்கும் கண்கள் மூடி...

“இன்னும் ஒண்ணு பாக்கி.”

நான் அழுத்தவில்லை...

கிளிக்.

மணி 6.51.

ஓடினேன். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

ஏழரைக்குச் செய்தி வந்தது. ஆளில்லாத தெருவில் ஜீப் மின்கம்பத்தில் மோதியிருக்கிறது. எதிரே எந்த வண்டியும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் இன்ஸ்பெக்டரும் சப்-இன்ஸ்பெக்டரும். இருவருமே பிழைக்கவில்லை. ஜீப் வயர்லெஸ் கடைசியாகக் கரகரத்தது 6.51-க்கு.

மூன்றாவது படம் இன்னும் கேமராவில் இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஏட்டு அக்காவை மறித்தேன். திங்களன்று லாக்கப் காவலில் இருந்தவர் அவர்தான்.

“அக்கா, நீங்களாவது மழுப்பாதீங்க. அந்த அண்ணன் எங்க?”

அவர் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“செத்துட்டாரு. திங்கக்கிழமை. இன்ஸ்பெக்டர் சொல்லி எஸ்.ஐ. தண்ணிய ஊத்தி ஊத்தி அடிச்சாரு.”

“எத்தன மணிக்குக்கா?”

“ஒம்பதே கால்.”

“அப்போ... நான் இன்ஸ்பெக்டர் ரூம்ல...”

“பக்கத்து லாக்கப்லதான் இருந்தாரு. நடுவுல வெறும் பலகைத் தடுப்பு. நீ ‘ஒரு சின்னத் தப்பு’ன்னதும் தலையத் தூக்கினாரு. ‘போட்டோ எடுத்த தம்பி வந்துட்டாரு, இனி விட்டுருவாங்கம்மா’ன்னாரு. அப்புறம் நீ ‘ஒண்ணுமில்ல சார்’னு சொன்னியே... அதையும் கேட்டாரு.”