ஏழு மணிக் கப்பல்

எங்கள் குடும்பத்தில் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வந்தது. சந்தேகம் மட்டும் குறையாமல் கைமாறி வந்தது. அப்பா வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு சாண் தள்ளி வெட்டியிருக்கிறார் என்பார். அளந்து பார்த்தால் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. நானும் அதே ரகம். கட்டிக்கொண்டவரை விட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்ததே ஒரு சந்தேகத்தால்தான். அது சரியாகவும் போய்விட்டதால், அதற்கப்புறம் எனக்கு என்மேல் நம்பிக்கை கொஞ்சம் கூடிப்போயிற்று.

அப்பாவுக்கு வந்தது புற்று. எலும்புக்குப் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூரில் கைவிரித்துவிட்டார்கள். கேரள எல்லையில், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் நானும் அவரும் நான்கு மாடுகளும்தான். தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவான், ஆப்பிள் கொண்டுவருவான், போய்விடுவான். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் வண்டி வாராவாரம் வர ஆரம்பித்தது. மருந்து, ஊசி, புண் கட்டுவது எல்லாமே இலவசம்.

"சும்மாவா வர்றாங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாங்கப்பா."

"காசு வாங்காம ஒருத்தன் ஊட்டுக்கு வந்தான்னா, வேற என்னமோ வாங்கப் போறான்னு அர்த்தம். பட்டாவ எடுத்து பீரோவுக்குள்ள வையி."

நான் சிரிக்கவில்லை. பட்டாவை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நான் திரும்பி வந்த நாளில் அவர் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. எங்களுக்குப் பொதுவாக இருந்தது மாலை ஏழு மணிக்கு டிவியில் வரும் ஒரு பழைய வெளிநாட்டுத் தொடர் மட்டும்தான். விண்வெளிக் கப்பல் ஒன்று கிரகம் கிரகமாகப் போகும். எல்லோரையும் தமிழில் பேசவைத்திருந்தார்கள். கப்பலை யாராவது தாக்கினால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் ஒரு பக்கம் சாய்வார்கள். "இத்தாப் பெரிய கப்பலு, புடிச்சுக்க ஒரு கம்பி வெக்கல பாரு, நம்மூரு பஸ்ஸுலகூட இருக்குது" என்பார் அப்பா. பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். எட்டு மணிக்குத் தொடர் முடிந்ததும் எழுந்து போய்விடுவேன்.

எந்தக் கதையானாலும் கப்பலில் ஆட்கள் ஒரே வார்ப்புதான் என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. எதையும் யோசிக்காமல் முதலில் குதிக்கிற தலைவன். "ஊட்டுக்காரனே சந்தைக்குப் போயிட்டா ஊட்ட யாரு பாக்கறது" என்று அவனைத் திட்டுவார். கத்திக்கொண்டே வைத்தியம் பார்க்கிற டாக்டர். முடியாது முடியாது என்று சொல்லியே எஞ்சினைச் சரிசெய்துவிடுகிற மெக்கானிக். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல் கணக்குச் சொல்கிற ஒருத்தன். கடைசியாகப் பேரில்லாத ஒரு ஆள். புதுக் கிரகத்தில் மற்றவர்களோடு கூட இறங்குவான், முதல் விளம்பரம் வருவதற்குள் செத்துப்போவான். யாரும் அவனுக்காக அழுது நான் பார்த்ததில்லை.

வண்டியில் வருகிறவர்களுக்கு அப்பாதான் வேஷம் பிரித்தார். வெள்ளைச் சட்டையோடு முதலில் குதித்து இறங்கும் வார்டு மெம்பர் தலைவன். சத்தம் போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது தலையணையைச் சரிசெய்யும் டாக்டரம்மா டாக்டரேதான். எங்கள் மிக்சியைக்கூட "நடக்காதுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்காட்டிய டிரைவர் மெக்கானிக். சிரிக்காத, வெசனப்படாத, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் நர்ஸ்தான் கணக்குக்காரன். பாலக்காட்டுக்காரி, பாதி மலையாளம் பாதி தமிழ்.

"அந்தப் பேரில்லாதவன் மட்டும் நம்ம வண்டியில இல்லீங்கப்பா" என்றேன்.

"இருக்கறான். அப்பறஞ் சொல்றேன்" என்றார்.

அப்போதுதான் அந்த வலி விஷயம் ஆரம்பித்தது. பகலெல்லாம் அப்பா நன்றாகத்தான் இருப்பார். பொழுது சாய்ந்தால் முகம் சுண்டிப்போகும். டிவி பார்க்கும்போதே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். வலி மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் பால் கறக்கப் போகுமுன் ஒன்று. இரண்டையும் தண்ணீரோடு கையில் கொடுப்பவள் நான்தான். காலை மாத்திரை கேட்கிறது, மாலை மாத்திரை கேட்கவில்லை. ஒரே மாத்திரை எப்படி ஒரு வேளை மட்டும் கேட்காமல் போகும்?

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. மாத்திரைகளை நர்ஸ் தன் பையிலிருந்து இரண்டு காகித உறைகளில் போட்டுத் தருவாள். ஒன்றில் சூரியன் படம், ஒன்றில் நிலா படம். அந்த நிலா உறையில் இருப்பது நிஜ மாத்திரைதானா? நல்லதை வெளியே விற்றுவிட்டு, எங்களுக்குச் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த முகம்தான் என் சந்தேகத்துக்கு உரம் போட்டது. அடுத்த வாரம் அவள் புண் கட்டும்போது பக்கத்திலேயே நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கும். கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

வாசலில் செருப்பு போடும்போதுதான் திரும்பிக் கேட்டாள். "சேச்சி, சாயங்காலத்து மருந்து அச்சன் முழுங்கறது நீங்க கண்டோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை இவள் செய்துவிட்டுப் பழியை என் தலையில் போடுகிறாளா? நாளெல்லாம் மூத்திரத் துணி அலசுகிறவள் நான், என்னையா கேட்கிறாள்?

"கையில குடுக்கறேன், முழுங்கறாரு. வேற என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அன்றைக்கே மெம்பருக்குப் போன் போட்டேன். திருட்டு என்று சொல்லவில்லை, அவ்வளவு விவரம் இல்லாதவள் அல்ல நான். அந்த நர்ஸ் எங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். அவர் தலைவனாயிற்றே, யோசிக்காமல் சரி என்றார்.

அடுத்த வாரம் வேறு நர்ஸ் வந்தாள். வந்ததிலிருந்து போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். மாடுகளுக்கு என்ன பெயர் என்றெல்லாம் விசாரித்தாள். வண்டி போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள எங்க?"

"மாத்தியிருப்பாங்க."

"அந்த நாடகத்துல பாத்திருக்கயா? புதுக் கிரகத்துல எறங்குனதும் ஈன்னு இளிச்சுட்டு வர்றவன் அத்தன பேரும் வில்லன். சிரிக்காதவனாலதான் ஒவ்வொருக்காலும் கப்பலு தப்பிக்குது. நீ ஏதாச்சும் சொன்னயா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் அப்பா ஆயிற்றே.

புது நர்ஸ் கொடுத்த மாத்திரையும் மாலையில் கேட்கவில்லை. அப்படியானால் கூட்டாகச் செய்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். சந்தேகப்படுகிறவளுக்கு எல்லாமே சாட்சிதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். ஏழு அடிக்கப் போகிற நேரம், கப்பல் வரப்போகிறது, பளிச்சென்று ஒரு மின்னல். கரண்ட் போய்விட்டது. மாடுகள் மிரண்டு கத்தின. கட்டுத்தரைக்குப் போய் அவற்றைப் பார்த்துவர வெளிச்சம் வேண்டும், செல்போனை மழையில் கொண்டுபோக முடியாது. அப்பாவின் தலைமாட்டில் அவருடைய பழைய இரும்பு டார்ச் எப்போதும் இருக்கும். ராத்திரியில் தண்ணீர் மடை மாற்றப் போன காலத்தது. படுக்கையில் விழுந்த பிறகும் அதை எடுக்க விடமாட்டார். கையை நீட்டினேன்.

"அத வையி. பேட்டரி செல்லு தீந்துபோச்சு."

"அதுக்குத்தானுங்கப்பா புதுச் செல்லு வாங்கி வெச்சிருக்கேன்."

"வேண்டாங்கறேன்ல."

ஒன்றை வேண்டாம் என்று யாராவது அழுத்திச் சொன்னால், அதைச் செய்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. செல்போன் வெளிச்சத்தில் டார்ச்சின் அடிமூடியைத் திருகிக் கவிழ்த்தேன். பேட்டரி விழவில்லை. என் உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் விழுந்தன. கை கொள்ளாமல் சில கட்டிலுக்கடியில் உருண்டன.

"என்னங்கப்பா இது?"

அவர் இருட்டாயிருந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"அதத் தின்னா கண்ணு சொக்குது. நாடகம் ஆரம்பிக்கறதுக்குள்ள தூக்கம் வந்து அமுக்கிருது. முழிச்சுப் பாத்தா நாற்காலி காலியாக் கெடக்குது."

"ஒரு நாடகத்துக்காகவா இத்தன வலியத் தாங்கிட்டுக் கெடந்தீங்க? சொல்லியிருந்தா போன்ல எப்ப வேணும்னாலும் போட்டுக் காட்டியிருப்பனே!"

"நாடகம் கெடக்குது கழுத. நீ வந்து உக்கார்றது அந்த ஒரு மணி நேரந்தான்."

மாடுகள் கத்திக்கொண்டேதான் இருந்தன. நான் போகவில்லை.

"அந்தப் பேரில்லாதவன் யாருன்னு அப்பறஞ் சொல்றேன்னேன்ல" என்றார். "நாந்தான் அம்முணி. கீழ எறங்கப் போறவன். எறங்கறமட்டும் கப்பல்ல முழிச்சிருக்கோணும்னு பாக்கறேன்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எது முதலில் என்று தெரியவில்லை. "உங்களுக்குப் பேரு இல்லைன்னு யாரு சொன்னா?" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ.

மறுநாள் காலையில் மெம்பருக்கு மறுபடியும் போன் போட்டேன். பழைய நர்ஸையே அனுப்பச் சொன்னேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. அவள் வந்தாள். டார்ச்சை அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து சொன்னாள்.

"சாயங்காலத்துது இனி எட்டு மணிக்குக் கொடுத்தா மதி, அது போதும். காலைல உள்ளதும் எட்டுக்கு ஆக்கலாம். டிவி முடிஞ்சிட்டு அச்சன் உறங்கட்டே."

என்மேல் ஒரு கோபமும் காட்டவில்லை. இப்படி ஒருத்தி எப்படிக் கோபப்படாமல் இருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே அச்சு" என்றார். அவள் முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா இருந்த நாட்களில் எட்டு மணி மாத்திரையை நானே வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். டார்ச்சையும் தினம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். உள்ளே பேட்டரிதான் இருக்கும். மாத்திரை இறங்கியதும் அவர், "இன்னொரு கதையப் போடு" என்பார். செல்போனில் அந்தத் தொடரைப் போட்டு அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். கண் பாதி மூடியிருக்கும். கப்பல் சாய்கிற இடத்தில் சிரிக்க மாட்டார், யாருமே பேசாத இடத்தில் "ம்" என்பார். அவர் எதையும் பார்க்கவில்லை, பார்க்கிறமாதிரி நடிக்கிறார் என்பது எனக்கு அப்போதே பலமான சந்தேகம். கதையில் என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். நான் கேட்கவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் போட்டேன்.