கன்னத்தில் எழுந்த புகை

நான் கறிக்கடை வைத்திருக்கிறேன். கடை புதுக்கோட்டை டவுனில், வீடு வல்லத்திராக்கோட்டையில். காலையில் கடை திறந்ததும் ஆட்டுத்தலையையும் காலையும் நெருப்பில் வாட்டி மயிரைச் சுரண்டுவதுதான் முதல் வேலை. குடல் கழுவுவேன், ரத்தம் அள்ளுவேன், எதற்கும் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்ட நான் குமட்டிக்கொண்டு ஓடியது ஏசி போட்ட ஒரு ஸ்கின் கிளினிக்கில்தான்.

பள்ளிக்கூடக் காலத்தில் வந்த பருக்கள் போகும்போது கன்னம் முழுக்கக் குழியும் கருந்திட்டுமாக விட்டுவிட்டுப் போயிருந்தன. நான் கண்ணாடி பார்ப்பதே ஷேவ் பண்ணும்போதுதான் என்பதால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் என் அக்காவுக்கு அதுவே கவலையாகிவிட்டது. போட்டோ போகும், பதில் வராது. ஒரு வீட்டில் புரோக்கரிடம், "மாப்பிள்ளைக்கு அம்மை கிம்மை போட்டுச்சா?" என்றே கேட்டுவிட்டார்கள்.

"லேசர் வச்சா வழவழன்னு ஆயிருமாம்டா. சும்மா பாத்துட்டு வருவோம், வா" என்று அக்கா இழுத்துக்கொண்டு போனாள்.

மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த கிளினிக். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் முதலில் போனில் என்னை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்து, ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். அந்தப் படம் நேராக ஹாலில் மாட்டியிருந்த பெரிய டிவியில் வந்தது. ஈரச்சேற்றில் மாடுகள் மிதித்துவிட்டுப் போனது மாதிரி குழி குழியாக ஏதோ தெரிந்தது. ஒவ்வொரு துவாரத்திலும் மஞ்சளாக எண்ணெய் திரண்டு புழு மாதிரி எட்டிப் பார்த்தது. என்னவோ நோய்ப் படம் என்றுதான் நினைத்தேன்.

"அது ஒங்க கன்னம்தான் சார்" என்றாள் அவள். பேனாவால் ஒவ்வொரு குழியாகத் தொட்டுக் காட்டினாள். "எவ்வளவு அழுக்கு பாருங்க. இந்த ஸ்கின்ன வச்சுக்கிட்டு எப்பிடி சார் நாலு பேரு முன்னாடி நிக்கிறீங்க?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வேண்டாமென்று எழுந்து வர முடியவில்லை. என் முகத்தைப் பிய்த்து எறிந்தால் போதும் என்றிருந்தது.

மரத்துப்போகிற களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிப் படுக்கவைத்தார்கள். கண்ணை மூட ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதன் ரப்பரில் யாருடைய பவுடரோ வியர்வையில் ஊறிப் பிசுபிசுத்தது. டாக்டர் வருவாரா என்று கேட்டேன். "நானே பண்ணிருவேன் சார்" என்றாள்.

மெஷின் டக் டக்கென்று கன்னத்தில் இறங்கியது. வலி தாங்கிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. வாடைதான் தாங்கவில்லை. மயிரும் தோலும் சேர்ந்து கருகும் அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அதில்தான் நிற்கிறேன். இப்போது அது என் மூக்குக்குக் கீழே, என் தாடையிலிருந்து எழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினேன். வாஷ்பேசினிலோ ரத்தமும் சீழும் ஒட்டிய யாருடைய பஞ்சோ கிடந்தது. அதன் மேலேயே வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்ததும் அவள், "ஒரு பக்கத்தோட விட்டா அசிங்கமா இருக்கும் சார், படுங்க" என்றாள். படுத்தேன்.

அன்று முழுக்கக் கன்னத்தில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. தூங்கி எழுந்தால் தலையணை உறை தோலோடு ஒட்டி வந்தது. பிறகு பழுப்பாகப் பொருக்குக் கட்டியது. அதோடு கடையில் நின்றால், தொங்குகிற கறியை விட்டுவிட்டு ஈயெல்லாம் என் முகத்துக்கு வந்தது. வாடிக்கையாக வரும் ஒரு அக்கா, "தம்பி, தப்பா நெனைக்காதீங்க, கறிய வேற ஆளு வெட்டட்டும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கத்தியை வேலையாளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பொருக்கு உதிர்ந்ததும் கீழே தோல் முன்னைவிடக் கறுத்திருந்தது. அதுவும் சல்லடை அச்சு வைத்தது போலக் கட்டம் கட்டமாக. போன் பண்ணினால், "வெயில்ல போயிருப்பீங்க. இன்னொரு சிட்டிங் வந்தா சரியாயிரும் சார்" என்றார்கள். நான் போகவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவர்களாகவே கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் அம்மா செம்பை வாங்கிக்கொண்டே, "மாப்பிள்ளை இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார்.

"இவன்தாங்க" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார், பிறகு போனை என் பக்கம் நீட்டினார். என் சட்டை, என் காது, என் மீசை. நடுவில் மட்டும் மெழுகில் பிடித்து வைத்தது போல ஒரு முகம். கீழே அந்த கிளினிக்கின் பெயர். சிகிச்சைக்கு முன்பு, பின்பு என்று அவர்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்த படத்தில் யாரோ முதல் பாதியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

"புரோக்கர் அனுப்பிருப்பாரு போல, எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் அக்கா. அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வந்தவர்கள் மரியாதையாகவே பேசிவிட்டு, காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

"ஒனக்கு ஒரு நல்லது நடக்கணும்னுதானடா அனுப்புனேன்" என்று அக்கா அழுதாள். அவள் கண்ணீரைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். டிவியில் வேறொரு கன்னம். கல்லூரிக்குப் போகிற வயதுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, அவள் அம்மா பக்கத்தில் இருந்தார். பேஸ்புக்கிலிருந்து என் படத்தை நீக்கச் சொன்னேன். வெள்ளைக் கோட்டுக்காரி சிரித்தாள். "அழகாத்தானே சார் இருக்கு?"

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த அம்மாவின் எதிரில் போய் நின்றேன். "இவங்க பண்ணது இதுதாங்க. பாத்துக்கங்க."

அவர் பயந்துபோய், "எம் பிள்ளைக்கு இப்பிடி ஆகாதுல்லம்மா?" என்று கேட்டார். என்னிடமல்ல, வெள்ளைக் கோட்டுக்காரியிடம்.

"ஆகாதும்மா. அவரு சொல்லச் சொல்லக் கேக்காம வெயில்ல அலைஞ்சிருக்காரு."

என் படத்தை அப்போதே நீக்கிவிட்டார்கள். ஆனால் நான் நின்றுகொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் போனாள். படி இறங்கும்போது எச்சிலைக் கூட்டிக் கூட்டித் துப்பினேன்.

பிறகு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்த்தேன். வெள்ளைத் தோலுக்கு வைக்கிற லேசர் சூட்டை என் கறுத்த தோலுக்கு வைத்திருக்கிறார்கள் என்று அவர் கோபப்பட்டுவிட்டு, களிம்பு எழுதிக் கொடுத்தார். கட்டங்கள் மெல்ல மெல்ல மங்கின. குழிகள் அப்படியேதான் இருக்கின்றன.

அக்காவோடு பேசுகிறேன், முன்னைப் போல இல்லை. புரோக்கரிடம், பார்க்க நினைப்பவர்கள் கடைக்கே வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. நின்று பேசினார்கள், அரைக்கிலோ கறி வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.