எலுமிச்சை பிழிந்த காபி

சான் ஹோசேயில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி, எதைக் குடிப்பதற்கு முன்பும் கண்மூடி முகர்வார். பைன் விறகுப் புகையில் உலர்த்திய மலைத்தேயிலையை எனக்குப் பரிசளித்தார். நான் மகா ரசிகன் அல்லவா? இஞ்சி தட்டிப்போட்டு, பால், சர்க்கரையோடு கொதிக்கவைத்து அவருக்கே கொண்டுபோய் நீட்டினேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "நாளைக்கு உங்க வீட்டுக் காபிக்கு வர்றேன்" என்றார்.

மறுநாள் முதல் டிகாக்‌ஷனில் நுரை ததும்பக் கொடுத்தேன். கண்மூடி முகர்ந்தார். பிறகு பையிலிருந்து எலுமிச்சை மூடியை எடுத்து அதில் பிழிந்தார். பால் திரிந்தது.

"ஐயோ, அது காபிங்க!" என்று அலறினேன்.

"நேத்து அது டீங்க" என்றார் அமைதியாக.

"உங்களுக்கு நல்லா வேணும்" என்று என் மனைவி சிரித்தாள்.

திரிந்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தவர், என் டீயை மட்டும் ஏன் ஒரு வாயோடு நிறுத்தினார் என்று இன்னும் யோசிக்கிறேன்.